சிம்சிட்டி 4 பிளகின் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

2003-இல் வெளிவந்த, மாக்சிஸ் உருவாக்கிய நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி 4 இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், ரசிகர்கள் இலவசமாகச் செய்து தரும் கட்டிடங்களும் சாலைகளும் மரங்களும்தான். இருபது ஆண்டுகளில், வெவ்வேறு கைகளில், ஒன்றையொன்று நம்பி உருவானவை இவை; பிளகின்கள் என்று பெயர். அதனால் கோளாறு வந்தால் கேமைக் குறை சொல்வதற்கு முன் பிளகின் ஃபோல்டரைப் பார்ப்பதே நல்லது. பெரும்பாலான சிக்கல்களுக்கு மூன்று வேர்கள்: ஏதோ ஒரு ஃபைல் இல்லை, ஒன்றை இன்னொன்று மறைக்கிறது, அல்லது சேவ் ஆன நகரமே கெட்டுவிட்டது. எது என்று அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

கையை வைப்பதற்கு முன் இரண்டு வேலைகள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் "சிம்சிட்டி 4" ஃபோல்டர் முழுவதையும் வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிளகின்களும் ரீஜியன்களும் (சேவ் ஆன நகரங்கள் இருக்கும் வட்டாரங்கள்) இரண்டுமே அதற்குள்தான் இருக்கின்றன. அடுத்தது, கோளாறு தெரியும் நகரத்தைத் திறந்து பார்க்கலாம், ஆனால் சேவ் செய்யக் கூடாது. பிளகின் இல்லாத நிலையில் சேவ் செய்தால், இல்லாததை இல்லாததாகவே நகரம் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பிறகு ஃபைலைத் திரும்ப வைத்தாலும் போனது வராமல் போகலாம்.

பதிப்பு எண்ணையும் பார்த்துவிடுங்கள். கேம் நிறுவிய இடத்தில் ஆப்ஸ் ஃபோல்டரில் உள்ள கேமின் இயக்கு ஃபைல் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ். 1.1.641 என்றால் இணையத்தில் வாங்கிய பதிப்பு, கவலை இல்லை. பழைய வட்டுப் பதிப்பென்றால் அப்டேட் போட்டு 638-க்கும், இரவு விளக்குக்கான பேட்ச் போட்டு 640-க்கும் கொண்டுவரலாம். 638-க்குக் கீழே இருந்தால் மற்ற எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரஷ் ஹவர் விரிவாக்கம் இல்லாத வெறும் 2003 பதிப்பில் இன்றைய பிளகின்களில் பெரும்பகுதி ஓடாது.

## எதைப் போட்டாலும் கேமில் எதுவுமே தெரியவில்லை

தப்பான ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள். விண்டோஸில் ஒன்டிரைவ் இயங்கினால் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். கேம் படிப்பது ஒன்றை, நீங்கள் நிரப்புவது இன்னொன்றை. எது உண்மையானது என்று அறிய, கேமில் ஒரு புதிய சோதனை நகரத்தைச் சேவ் செய்து, எந்த ரீஜியன்ஸ் ஃபோல்டரில் நேரம் மாறுகிறது என்று பாருங்கள். அதன் பக்கத்தில் இருக்கும் பிளகின்ஸ் ஃபோல்டர்தான் சரியானது.

ஜிப் ஃபைலை விரிக்காமல் அப்படியே போடுவதும் அடிக்கடி நடக்கும். பழைய பதிவிறக்கங்கள் சில நிறுவியாக வரும். அவை தமக்குத் தெரிந்த டாக்குமெண்ட்ஸ் இடத்தில் போட்டுவிட்டு முடிந்தது என்று சொல்லும். அப்படிப்பட்ட நிறுவிகளில் பலவற்றை 7-ஜிப் கொண்டு நேராகத் திறந்து உள்ளே இருப்பதை நீங்களே எடுத்து வைக்கலாம்.

இன்னொரு காரணம், பாதையின் நீளம். விண்டோஸின் வழக்கமான வரம்பு 260 எழுத்துகள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் செய்தவர் பெயர், தொகுதிப் பெயர், மறுபடி அதே பெயர் என்று நீண்டால் கடைசியில் உள்ள ஃபைல் படிக்கப்படாது. பெயர்களைச் சுருக்குங்கள்.

## கட்டிடம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு அட்டைப் பெட்டி

எல்லோரும் முதலில் சந்திப்பது இதைத்தான். ஒரு கட்டிடம் என்பது வழக்கமாக மூன்று ஃபைல்களின் கூட்டு. லாட் ஃபைல் மனையின் வரைபடம்: எங்கே கட்டிடம், எங்கே மரம், எந்தத் தரை. டெஸ்க் ஃபைல் அதன் குணங்கள்: எத்தனை வேலைகள், எவ்வளவு மின்சாரம், எந்த மெனு. மாடல் ஃபைல் கண்ணுக்குத் தெரியும் உருவம். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் கேம் அங்கே பெட்டியை வைக்கிறது. அதாவது பெட்டி என்பது நல்ல செய்தி: குணம் தெரிகிறது, உருவம் மட்டும் வரவில்லை.

விசாரிக்கும் கருவியால் பெட்டியைக் கிளிக் செய்து லாட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைப் பிளகின்ஸ் ஃபோல்டரில் தேடி, லாட் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். அதோடு வந்த ரீட்மீயில் டிபெண்டன்சி என்ற தலைப்பின் கீழ் தேவையானவற்றின் பட்டியல் இருக்கும். ஒருவர் செய்த உருவத்துக்கு இன்னொருவர் லாட் போடுவது இந்த உலகில் வழக்கம். அப்போது உருவம் தனிப் பதிவிறக்கமாகத்தான் கிடைக்கும். அதைத்தான் விட்டிருப்பீர்கள்.

பட்டியலில் உள்ள எல்லாம் இருந்தும் பெட்டி வந்தால், பதிப்பைப் பாருங்கள். பி.எஸ்.சி. மெகா ப்ராப்ஸ் போன்ற பெரிய தொகுதிகள் பலமுறை புதுப்பிக்கப்பட்டவை. பழைய தொகுதியில் புதிய உருவம் இருக்காது. ஹெச்.டி., எஸ்.டி. என்று இரண்டு உருவத் தொகுதிகள் கொடுத்திருந்தால் ஒன்று போதும். எதையுமே எடுக்காமல் விட்டவர்களும் உண்டு.

## பெட்டி இல்லை, ஆனால் மனை மொட்டையாக இருக்கிறது

கட்டிடம் நிற்கிறது, படத்தில் பார்த்த மரங்கள், கார்கள், வேலி எதுவும் இல்லை. ப்ராப் (கார், வேலி போன்ற அலங்காரப் பொருள்) தொகுதி முழுவதுமே இல்லாதபோது கேம் சத்தமே இல்லாமல் அதை விட்டுவிடும். தரையில் நிறுத்தக் கோடுகளுக்குப் பதில் புல் தெரிந்தால் டெக்ஸ்சர் (தரைப் படம்) தொகுதி இல்லை. கார் நிறுத்தும் மனைகளில் பெரும்பாலும் விடுபடுவது சூப்பர் எஸ்.ஹெச்.கே. மெகா பார்க்கிங்.

ரீட்மீ தொலைந்துவிட்டால் ரீடர் என்ற கருவியில் லாட் ஃபைலைத் திறக்கலாம். உள்ளே லாட் கான்ஃபிக் எக்செம்ப்ளர் என்ற குணப் பட்டியலில், மனையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண்கள் இருக்கும். வரிசையின் முதல் எண் பொருளின் வகை: 0 கட்டிடம், 1 ப்ராப், 2 டெக்ஸ்சர், 4 மரம் செடி. பதிமூன்றாவது எண் அதன் அடையாளம். அந்த அடையாளத்தை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் எந்தத் தொகுதி என்று அகப்பட்டுவிடும். ஓரிரண்டு மரங்களுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டாம். மொட்டை மனை அழகைத்தான் கெடுக்கும், கேமைக் கெடுக்காது. விட்டுவிட்டு விளையாடலாம்.

டிபெண்டன்சி தேடியே சலித்துப்போனவர்களுக்கு எஸ்.சி.4 பேக் என்ற பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது. வேண்டிய கட்டிடத்தின் பெயரைச் சொன்னால், அதற்குத் தேவையானவற்றைத் தானே இறக்கி வைக்கும். புதிதாகத் தொடங்குபவர் இதிலிருந்தே தொடங்கலாம். ஏற்கெனவே கையால் நிரப்பிய பழைய ஃபோல்டரோடு இதைக் கலந்தால் ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் கிடக்கும், கலக்காதீர்கள்.

## மெனுவில் ஐகான் வரவில்லை

மெனுவை நிரப்புவது டெஸ்க் ஃபைல். அது இல்லையென்றால் லாட் இருந்தும் பயனில்லை. அது இருந்தும் தெரியாவிட்டால் வேறு மெனுவில் தேடுங்கள். பள்ளி போலத் தெரியும் கட்டிடத்தைப் பூங்கா மெனுவிலோ லேண்ட்மார்க்கிலோ வைத்திருப்பார்கள். சில கட்டிடங்கள் பரிசாகத்தான் வரும். மக்கள்தொகையோ மேயர் மதிப்போ குறிப்பிட்ட அளவைத் தொடும்வரை ஐகான் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். அதற்கும் மேல், அந்தப் பதிவிறக்கம் மெனுவில் வருவதே அல்ல, தானாக வளர்வது என்றும் இருக்கலாம். ரீட்மீயில் "குரோவபிள்" என்றிருந்தால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

## கட்டிடம் வளரவே இல்லை

கேமின் கட்டிட பாணிகள் நான்கு: 1890 சிகாகோ, 1940 நியூயார்க், 1990 ஹூஸ்டன், சமகால ஐரோப்பா. உங்கள் கட்டிடம் எந்தப் பாணிக்கென்று செய்யப்பட்டதோ அந்தப் பாணி உங்கள் நகரத்தில் டிக் ஆகியிருக்க வேண்டும். பாணிகள் ஐந்தாண்டுக்கு ஒன்றாகச் சுழலும்படி வைத்திருந்தால், அதன் முறை வரும்வரை வளராது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டும் தேர்வை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது வளர்ச்சிக் கட்டம். வீடுகளுக்கும் வணிகத்துக்கும் கேமில் எட்டுக் கட்டங்கள். கொலோசஸ் ஆடான் மாட் (மாட் என்பது கேமின் இயல்பை மாற்றும் பிளகின்) அதைப் பதினைந்துவரை நீட்டுகிறது. அந்த மாடுக்காகச் செய்த, எட்டுக்கு மேற்பட்ட கட்டத்தில் உள்ள கட்டிடத்தை மாட் இல்லாமல் போட்டால், எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் வராது. ரீட்மீயில் கட்டத்தின் எண்ணைப் பார்க்காமல் பதிவிறக்கியதன் விளைவு இது.

மனையின் அளவும் தடையாகும். கேம் தானாகப் பிரிக்கும் மனைகள் சிறியவை. ஆறுக்கு ஆறு சதுரங்கள் கேட்கும் கோபுரத்துக்கு அப்படி ஒரு மனை அமைவதே அரிது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மண்டலம் இழுத்தால் வேண்டிய அளவில் ஒரே மனையாக வரையலாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டால் இடையில் தெருக்கள் தானாக முளைப்பது நிற்கும்.

இவ்வளவும் சரியா, பிளகினே தப்பா என்று ஒரே அடியில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. எக்ஸ்ட்ரா சீட்ஸ் என்ற டி.எல்.எல். (கேமுக்குள் கூடுதல் நிரலைச் சேர்க்கும் பிளகின்) போட்டு, கண்ட்ரோலோடு எக்ஸ் அழுத்தி வரும் பெட்டியில் லாட்பிளாப் கட்டளை கொடுத்து, பட்டியலிலிருந்து அந்த லாட்டை நேரடியாகத் தரையில் வையுங்கள். ஒழுங்காக நின்றால் ஃபைல்களில் குறையில்லை, நகரத்தின் நிலைதான் தடை. பெட்டியோ கிராஷோ வந்தால் ஃபைலில்தான் குறை. சோதனை நகரத்தில் மட்டும் செய்யுங்கள்.

## மாட் போட்டேன், எந்த மாற்றமும் இல்லை

ஒவ்வொரு பொருளுக்கும் வகை, குழு, அடையாளம் என மூன்று எண்கள். ஒரே மூன்று எண்ணோடு இரண்டு ஃபைல்கள் இருந்தால், கடைசியாகப் படிக்கப்படுவதே செல்லும். படிக்கும் வரிசை இது: நிறுவிய இடத்தில் உள்ள பிளகின்ஸ் முதலில், டாக்குமெண்ட்ஸில் உள்ளது பிறகு. ஒவ்வொன்றிலும் வெளியே கிடக்கும் ஃபைல்கள் முதலில், உள்ஃபோல்டர்கள் பிறகு, எல்லாம் அகரவரிசையில். லாட், டெஸ்க், மாடல் ஃபைல்கள், பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் டாட் ஃபைல்களுக்கு முன்பே படிக்கப்பட்டுவிடும். ஆகவே கட்டாயம் ஜெயிக்க வேண்டிய மாடை, ஆங்கிலக் கடைசி எழுத்தும் கீழ்க்கோடுகளும் முன்னால் வைத்த பெயருள்ள ஃபோல்டருக்குள் போடுங்கள். பல மாடுகளின் ஃபோல்டர் பெயர் அப்படி விநோதமாகத் தொடங்குவது இதற்காகத்தான். அழகுக்காக அதைத் திருத்தி எழுதாதீர்கள்.

நிலப்பரப்பு மாடுகளில் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பாறை ஒன்றிலிருந்தும் புல் இன்னொன்றிலிருந்தும் வந்து கடற்கரை அலங்கோலமாகும். ஹெச்.டி. நிலப்பரப்பு போட்டவர்கள் கிராபிக்ஸ் அமைப்பில் ஹார்ட்வேர் முறையில் ஓட்ட வேண்டும். சாஃப்ட்வேர் முறையில் அவை சரியாக வராது.

## கேம் கிராஷ் ஆகிறது

எப்போது என்பதைப் பொறுத்தே காரணம்.

நகரம் திறக்கும்போதோ கேம் தொடங்கும்போதோ என்றால், சாலை, ரயில் வகைகளைக் கூட்டும் நெட்வொர்க் ஆடான் மாட் (எல்லோரும் சுருக்கமாக "நாம்" என்பார்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கன்ட்ரோலர் ஃபைல் மிகப் பெரியது. கேம் 32-பிட், இயல்பாக அதற்கு 2 ஜி.பி. நினைவகம்தான் எட்டும். 4 ஜி.பி. பேட்ச் என்ற சிறு கருவியை இயக்கி, ஆப்ஸ் ஃபோல்டரில் உள்ள இயக்கு ஃபைலைக் காட்டினால், 64-பிட் விண்டோஸில் வரம்பு இரட்டிப்பாகும். கேமை மறுபடி நிறுவினாலோ இயக்கு ஃபைல் மாறினாலோ பேட்ச் போய்விடும், மறுபடி போட வேண்டும்.

விளையாடிக்கொண்டிருக்கையில் நேரம் காலமின்றி என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசசர் கோர்களோடு கேமுக்கு ஒத்துவராதது காரணமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் கேமின் ப்ராசஸ் மேல் வலது கிளிக் செய்து செட் அஃபினிட்டியில் ஒரு கோரை மட்டும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது சலிப்பு என்றால், ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் சி.பி.யு. எண்ணிக்கையை 1 ஆக்கும் கட்டளையைச் சேர்த்துவிடலாம்.

மெனுவில் குறிப்பிட்ட ஒரு ஐகானைத் தொட்டதும், அல்லது கட்டிடத்தை மவுஸில் எடுத்துத் தரைமேல் நகர்த்தியதும் கிராஷ் என்றால் அந்த லாட்டின் ஃபைல் ஒன்று குறைகிறது அல்லது சிதைந்திருக்கிறது. மற்றதைத் தொட வேண்டாம். அந்தத் தொகுப்பை மட்டும் அகற்றி மறுபடி இறக்குங்கள்.

நாம் மாட் தரும் சாலைத் துண்டு ஒன்றை மவுஸில் பிடித்துக்கொண்டு, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற போக்குவரத்து ஓடும் லாட்டின் மேலாகக் கடந்ததும் கிராஷ் என்றால், அது பிளகினின் குற்றம் அல்ல, கேமிலேயே உள்ள பழைய பிழை. எஸ்.சி.4 ஃபிக்ஸ் என்ற டி.எல்.எல். அதைச் சரிசெய்கிறது. அது இல்லாதவரை மவுஸைச் சுற்றி எடுத்துச் செல்வதே வழி.

## சாலைகள் ஒழுங்காக இணையவில்லை

பழைய நாம் மாட் மேலேயே புதியதை நிறுவியிருப்பீர்கள். ஃபோல்டரில் கன்ட்ரோலர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் அகப்பட்டால் அதுதான் காரணம். 2013-இல் வந்த 31-ஆம் பதிப்புக்கு முன் நெடுஞ்சாலைத் தொகுதி, அகலச் சாலைத் தொகுதி எல்லாம் தனித்தனியாக வந்தன. அவற்றின் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முழுதாக அகற்றிவிட்டுப் புதிதாக நிறுவுவதே சுருக்கமான வழி. ஆனால் நாம் மாட் கொண்டு கட்டிய நகரத்தை அந்த மாட் இல்லாமல் திறக்காதீர்கள்.

நம்மூர் போல இடப்பக்கம் வண்டி ஓட வேண்டும் என்று விரும்புபவர்கள், நிறுவும்போது கேட்கப்படும் பக்கத் தேர்வும் கேமின் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறிப்போனால் திருப்பங்களில் அம்புக்குறிகள் ஒரு பக்கமும் வண்டிகள் ஒரு பக்கமுமாகும்.

## இரவில் கட்டிடங்கள் மட்டும் பொருந்தவில்லை

சன்னல்களில் வெளிச்சமே இல்லையென்றால் பதிப்பு 640-க்குக் கீழே இருக்கிறது. வெளிச்சம் இருந்தும் சில கட்டிடங்கள் இருட்டாகவும் சில நீலமாக மின்னியும் தெரிந்தால் இரண்டு மரபுகளைக் கலந்திருக்கிறீர்கள். மாக்சிஸ்நைட் கட்டிடங்கள் கேமின் இயல்பான நீல இரவுக்கு. டார்க்நைட் கட்டிடங்கள் சிம்ஃபாக்ஸின் டே அண்ட் நைட் போன்ற இருட்டு மாடுக்கு. ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதற்குரிய உருவங்களையே இறக்குங்கள். பல கட்டிடங்கள் இரண்டு வகையிலும் கிடைக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் கடைசியில் படிக்கப்படுவது ஜெயிக்கும்.

## சேவ் செய்து மறுபடி திறந்தால் மரங்களும் ப்ராப்களும் காணோம்

மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துப் பாருங்கள். பிளகின் ஃபோல்டரில் ஒன்றும் மாற்றவில்லை, ஆனாலும் ஒவ்வொரு சேவுக்குப் பிறகும் பொருள்கள் மறைகின்றன. இதற்கு ப்ராப் பாக்ஸ் (ப்ராப் அம்மை; பெட்டி அல்ல) என்று பெயர். கோளாறு நகர ஃபைலுக்குள் போய்விட்டது. தொகுதிகளை மறுபடி நிறுவினாலும் மறைந்தது வராது. நலமாக இருந்த கடைசி நகலுக்குத் திரும்பி, எஸ்.சி.4 ஃபிக்ஸ் போட்டுவிட்டுத் தொடருங்கள். பாதிக்கப்பட்ட லாட்களை இடித்து மறுபடி வைத்தால் புதியவை ப்ராப்களோடு வரும், ஆனால் ஒரு பெரிய நகரம் முழுவதையும் அப்படி மாற்றும் பொறுமை யாருக்கும் இருக்காது. நகல் எடுத்து வைக்கும் பழக்கம் ஒன்றுதான் இங்கே உதவும்.

## டி.எல்.எல். வேலை செய்யவில்லை

டி.எல்.எல். ஃபைல் பிளகின்ஸ் ஃபோல்டரின் நேர் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ஃபோல்டரில் வைத்தால் கேம் அதைக் கண்டுகொள்ளாது. அண்மையில் வந்தவற்றில் பெரும்பாலானவை 641-ஐ மட்டுமே ஏற்கும், மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2022 தொகுப்பையும் கேட்கும். கேம் 32-பிட் என்பதால் அந்தத் தொகுப்பில் எக்ஸ்86 வகையைத்தான் நிறுவ வேண்டும். கணினி 64-பிட் என்று அதற்குரியதைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்ற பெட்டி தெரிந்தால் டிக் செய்யுங்கள். பல டி.எல்.எல்.கள் பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைல் எழுதும். அந்த ஃபைலே உருவாகவில்லையென்றால் டி.எல்.எல். ஏறவே இல்லை என்று பொருள். மேக் பதிப்பில் இவை எதுவும் ஓடாது.

## கேம் திறக்கவே பத்து நிமிடம்

பிளகின்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் படங்கள், ரீட்மீக்கள், ஜிப்களை எல்லாம் வெளியே எடுங்கள். கேம் ஒவ்வொரு ஃபைலையும் எட்டிப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை டாட்பேக்கர் கொண்டு சில பெரிய டாட் ஃபைல்களாகச் சேர்த்தால் நன்றாக வேகம் கூடும். மூல ஃபைல்களைத் தனியே பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மறுபடி முழுதும் சேர்க்க வேண்டும். நாம் மாட், டி.எல்.எல். இரண்டையும் சேர்க்காதீர்கள். கோளாறு தேடும் காலத்திலும் சேர்க்காதீர்கள். ஒட்டிப்போனதற்குள் குற்றவாளியைத் தேடுவது வீண் வேலை. தேவையற்ற பழைய ஃபைல்களை நீக்க கிளீனிடால் உதவும்: மாடோடு வரும் பட்டியலைக் கொடுத்தால், காலாவதியானவற்றை அழிக்காமல் வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தும்.

## எதுவுமே பிடிபடவில்லை என்றால்

பாதிப் பாதியாகப் பிரியுங்கள். புதிய ரீஜியனில் ஒரு சிறு சோதனை நகரம் போதும். உங்கள் சொந்த நகரத்தில் வேண்டாம். பிளகின்ஸ் ஃபோல்டரின் பாதியை வேறிடத்துக்கு நகர்த்தி, கோளாறு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மிச்சமிருக்கும் பாதியில், வராவிட்டால் நகர்த்திய பாதியில் இருக்கிறது. ஆயிரம் ஃபைல்கள் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் ஒரே ஃபைலில் வந்து நிற்கும். டிபெண்டன்சிகள் பிரிந்துபோவதால் இடையில் பழுப்புப் பெட்டிகள் தோன்றும்; அவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள், நீங்கள் தேடும் அறிகுறியை மட்டும் பாருங்கள். நாம் மாடைப் பிரிக்காமல் முழுதாகவே நகர்த்துங்கள். இரண்டு ஃபைல்கள் சேர்ந்தால்தான் கோளாறு என்ற நிலையும் உண்டு: இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் விழுந்தால், கிராஷைத் தேடாமல் ஒரே எண்களோடு இரண்டு இடத்தில் கிடக்கும் ஃபைல்களைத் தேடுங்கள்.